மாலைதீவு விடுமுறைக்கும் அடக்கவிலை உண்டு

வெளிநாட்டுச் சரக்கு இறக்கும் எந்த வர்த்தகரிடமும் "இந்தச் சாமான் சீனாவில் என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலையைச் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ள மாட்டார். கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, துறைமுகச் செலவு, லொறிக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, கடை வாசலில் வந்து இறங்கும்போது அடக்கம் எவ்வளவு என்பதைத்தான் சொல்வார். அதே மனிதர் குடும்பத்தோடு ஒரு விடுமுறை போக நினைத்தால் மட்டும் விளம்பரத்தில் கண்ட விலையை நம்பிப் புறப்பட்டு விடுகிறார்.

நமக்குத் தெரிந்த புடவைக் கடைக்காரர் ஒருவர் மாலைதீவு போவதற்கு ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். கணவன், மனைவி, பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகள். நான்கு இரவுகள். உல்லாச விடுதியில் ஓர் இரவுக்கு 250 டொலர், அதன் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். "ஆயிரம் டொலர்தானே, சமாளிக்கலாம்" என்றார். அந்த இரண்டு கூட்டல் குறிகளில்தான் விடயமே இருக்கிறது.

முதலாவது கூட்டல் சேவைக் கட்டணம், 10 வீதம். ஆயிரம் டொலர் 1,100 ஆகிறது. இரண்டாவது சுற்றுலாத் துறைக்கான பொருட்கள் சேவைகள் வரி. 2023 ஜனவரியில் 16 வீதமாக்கப்பட்ட இந்த வரி, 2025 ஜூலை முதல் 17 வீதம். இது சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகை மீதே விழுகிறது. ஆகவே 1,100 டொலர் 1,287 ஆகிறது. இவற்றுக்கு வெளியே பசுமை வரி என்று ஒன்று தனியாக நிற்கிறது. 2025 ஜனவரி முதல் உல்லாச விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டுமே விலக்கு. நான்கு பேருக்கு நான்கு இரவுகள் என்றால் 192 டொலர். மொத்தம் 1,479.

இன்னும் அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவில்லை! விமானம் இறங்குவது ஹுல்ஹுலே தீவில். அங்கிருந்து தூரத்து விடுதிக்குக் கடல் விமானம் என்றால் போய்வர ஆளுக்கு 400, 500 டொலர் என்பது சாதாரணம். பிள்ளைகளுக்கு ஓரளவு குறைப்பார்கள். அறையை விடப் போக்குவரத்துக் கூலி அதிகம். நம் வியாபாரத்தில் சரக்கின் விலையை லொறிக் கூலி தாண்டினால் அந்தச் சரக்கைத் தொடுவோமா?

சிறிய வியாபாரிக்கு நான் சொல்லும் வழி, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகள். 1972இல் உல்லாசப் பயணம் தொடங்கியது முதல் வெளிநாட்டவரைத் தனித் தீவு விடுதிகளில் வைப்பதே அந்நாட்டின் வழக்கமாக இருந்தது. 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி திறந்தது. மாபுஷி என்ற தீவு இதில் பேர்போனது. தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம். சாதாரணப் பயணிகள் படகில் ஒன்றரை மணி நேரம் போல் எடுக்கும், கூலியோ மிகச் சொற்பம்.

அங்கே குடும்ப அறை ஒன்று 80 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவுக்கு 320. சேவைக் கட்டணத்தோடு 352, வரியோடு ஏறக்குறைய 412. ஐம்பது அறைக்கு மேற்படாத இத்தகைய விடுதிகளில் பசுமை வரி ஆளுக்கு 6 டொலர், ஆக 96. மொத்தம் 508 டொலர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 320 என்று சொன்ன விலை ஏறத்தாழ 60 வீதம் ஏறியிருக்கிறது. உல்லாச விடுதியில் ஏறியது 48 வீதம். பசுமை வரி அறையைப் பார்ப்பதில்லை, தலையை எண்ணுகிறது. அறை மலிவாக, குடும்பம் பெரிதாக இருந்தால் அது கூடுதலாகவே கடிக்கும். ஆறு பிள்ளைகளோடு போகிறவர் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

பணம் தவிர வேறு இலாபமும் உண்டு. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனை இல்லை. பன்றி இறைச்சிப் பேச்சே இல்லை. ஐவேளை பாங்கு கேட்கும். வெளிநாட்டவர் குளிப்பதற்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பதால், அபாயா அணிந்த நம் பெண்கள் மற்றக் கரையில் கூச்சமின்றி நடக்கலாம். காலையில் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனி, ரொட்டியோடு வரும். நம் மாசிச் சம்பலின் சொந்தக்காரர் அது. புறக்கோட்டைக்கும் மாலேக்குமான மாசி வியாபாரம் மிகப் பழையது. இப்னு பதூதாவும் மாலைதீவில் காழியாக இருந்த பின்னர்தான் 1344இல் இலங்கைக்கு வந்தார். நான்கு இரவுப் பயணத்தில் போகும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் மூன்று முழு நாட்களே எஞ்சுவதால், ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ர் தொழலாம். விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை குறைந்த காலம். கிறிஸ்மஸ், புத்தாண்டு நாட்களில் விலை உச்சத்தில் நிற்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம், காற்றும் மழையும் உண்டு, விலை இறங்கும். புடவைக் கடைக்காரருக்கோ டிசம்பர், ஏப்ரல், ரமழான் மூன்றும் அசைய முடியாத காலம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ரமழானில் வருகிறது. பிள்ளைகள் ஓய்வாக இருக்கும்போது தகப்பன் கடையில் நள்ளிரவு வரை நிற்கிறார். ரமழானில் அந்தத் தீவுகளிலும் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். என் அபிப்பிராயத்தில் ஏப்ரல் வியாபாரம் ஓய்ந்த பிறகு, மே மாதத்தில் நாலைந்து நாள் பார்ப்பதே பொருத்தம். இரண்டு நாள் மழை பெய்தால் பெய்யட்டும்.

விமான நேரத்தை மலிவை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் இருட்டிய பின் கடல் விமானம் பறக்காது. ஸ்பீட் போட்டுக்கும் கடைசி நேரம் உண்டு. வெள்ளிக்கிழமையில் சாதாரணப் படகுகள் பல ஓடுவதில்லை. இரவில் இறங்கி ஹுல்ஹுமாலேயில் அறை எடுத்தால், பயணச்சீட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். இலங்கையருக்கு 30 நாள் விசா இலவசமாக அங்கேயே கிடைக்கும். புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இணையத்தளம் என்றால் விலகி விடுங்கள்.

விலையெல்லாம் டொலரில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாள் தள்ளிப் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டால், எந்த நாளின் விகிதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடன் அட்டையில் கட்டினால் வங்கி தன் பங்குக்கு நாணய மாற்றில் ஒரு வீதம் சேர்க்கும். வட்டித் தவணையில் கடற்கரை பார்ப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

இனிக் கடை. இந்தச் செலவை லாச்சியிலிருந்து அவ்வப்போது அள்ளிக் கொடுக்காமல், எடுப்பனவு என்று ஒரே கணக்கில் எழுதுங்கள். கடையை மூடுவதானால் அந்த ஐந்து நாள் இலாபத்தையும் பயணத்தின் அடக்கத்தில் சேருங்கள். திகதி குறிக்கும் முன் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் மாறவிருக்கும் முன்திகதிக் காசோலைகள் எத்தனை, தொகை எவ்வளவு என்று பார்த்து, புறப்படும் முன்பே அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். ஒரு காசோலை திரும்பினால் கடைத்தெருவில் கடன் சரக்குக் கொடுத்தவர் முகம் மாறிவிடும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். அவன் நல்லவனாக இருந்தாலும் அது தொலையலாம். அவசரத்துக்குத் தேவை என்றால், தொகையும் பெயரும் எழுதி இரட்டைக் கோடு போட்ட காசோலைகளை நம்பகமான சகோதரர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.