கேஜ் கம்பியும் பதரும்

காரின் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஆயில் குறைந்தால் அது எரியும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் சரி. அந்த விளக்குக்கு ஆயிலின் அளவு தெரியாது. பம்பு தள்ளும் அழுத்தம்தான் தெரியும். இருக்க வேண்டிய ஆயிலில் பெரும்பகுதி போய், பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் அழுத்தம் விழும், விளக்கும் எரியும். பேங்க் பாஷையில் சொன்னால் அது நோட்டீஸ் இல்லை, நேராக ஜப்தி. எரிந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘பக்கத்தில்தானே பட்டறை’ என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம்.

விதை, உரம் விற்கிற தொழில் எனக்கு. தஞ்சாவூரில் கடை, ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பானட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அறுவடை மெஷின்காரர்களிடமிருந்து. தை பிறந்தால் சேலம், ஆத்தூர் பக்கத்து மெஷின்கள் லாரியில் ஏறி டெல்டாவில் வந்து இறங்கும். கதிரில் பனி காயும்வரை வயலில் இறங்க முடியாது. அந்த நேரத்தில் ஆபரேட்டர் ஆயில் மட்டம் பார்க்கும் கேஜ் கம்பியை உருவிப் பார்ப்பார், ரேடியேட்டரில் அடைத்திருக்கும் பதரை ஊதித் தள்ளுவார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். அம்மாப்பேட்டை பக்கம் ஒரு வரப்பில் நின்று கேட்டேன்: “ஏன் தம்பி, தினமுமா பாக்கணும்? அதான் மீட்டர்ல காட்டுமே?”

“காட்டும்ணே. அது காட்டுறப்ப வண்டி நடு வயல்ல நிக்கும். மணிக்கணக்குல வாடகை. நின்ன நேரத்துக்கு யாருண்ணே காசு குடுப்பா?”

காருக்குத் தினமும் வேண்டாம். வாரம் ஒரு முறை, காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். கம்பியை உருவித் துடைத்து, அடிவரை திரும்பச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை தெரிவது நம்பகமில்லை. ஓடும்போது தெறித்த ஆயில் கம்பி முழுக்க ஒட்டியிருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பல சிறிய கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்: ஆயில் நுரைத்துவிடும். டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பால் ஊற்றிய டீ நிறத்துக்கு வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளித்தான் கரையேற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது சூட்டு விளக்கு. பல சிறிய கார்களில் இப்போது டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு. நடுவில் எதுவும் தெரியாது. சிவப்பு எரிந்ததும் பானட்டைத் திறப்பார்கள். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவே தண்ணீர் சரியாக நிற்கும். ‘சென்சார் போயிருக்கும்’ என்று மறுபடி கிளப்புவார்கள். தை, மாசியில் இப்படி நடந்தால் நான் முதலில் முன்பக்கக் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அறுப்பு நடக்கும் ஊர்களில் பதரும் சுணையும் காற்றிலேயே மிதக்கும். போதாக்குறைக்கு ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், கொள்முதல் நிலையத்து வாசலில் தூற்றிக்கொண்டிருப்பார்கள். அத்தனையும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய்ப் பாய் விரித்தாற்போல் அடைத்துக்கொள்ளும். காற்று புகாவிட்டால் கூலன்ட் நிறைய இருந்தும் பிரயோஜனமில்லை. வெளிரோட்டில் வேகமாகப் போகும்போது தெரியாது. கும்பகோணத்து நெரிசலில் ஏசி போட்டு ஊரும்போது தெரியும். பட்டறையில் சொல்லி, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊதச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டியிருந்தால் அடியிலும் குனிந்து பாருங்கள். சைலன்சர் குழாயில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்வதில்லை. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். கையால் தொட்டுப் பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

ஊற்றுவது எது என்பதிலும் கவனம் வேண்டும். போர் தண்ணீரில் உப்பு, அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் நல்லதுதானே என்று வாய்க்காலில் மொண்டு ஊற்றுகிறவர்களும் உண்டு. பயிருக்கு நல்ல வண்டல் ரேடியேட்டர் குழாய்க்கு ஆகாது. அவசரத்துக்கு எதையாவது ஊற்றி வீடு வந்து சேரலாம். அப்புறம் முழுவதையும் வடித்துவிட்டு, கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றிவிடுங்கள்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு பிரேக்குக்கு. ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. அப்போது ஊற்றி நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்தது தெரியாமல் போய்விடும். பேட்டைப் பார்க்கச் சொல்வதே சரி. திடீரென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது; அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பாதி ஊற்றி மூடி வைத்த பழைய டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பவர் ஸ்டீயரிங் இப்போது பெரும்பாலும் கரன்ட்டில் ஓடுகிறது, ஆயிலே இல்லை. வைப்பர் தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. தீபாவளி சமயத்தில் சம்பா வயல்களுக்கு நடுவே ராத்திரி ஓட்டிப் பாருங்கள்: விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி கண்ணாடியை மெழுகிவிடும். டப்பா காலியாக இருந்தால் எதிரே வரும் டிராக்டர் தெரியாது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் கருவி வெள்ளை உரச்சாக்கு. ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கறுப்பு என்றால் ஆயில். பச்சையோ ரோஸோ பிசுபிசுத்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் வழுவழுப்பான ஈரம் என்றால் பிரேக். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை வேண்டாம்.

அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிப்பார்கள்; பானட்டுக்குள் வருகிற எலிக்கு அது உதவாது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. ஒயரைக் கடித்துவிட்டால் காரணமில்லாமல் விளக்கு எரியும், சில சமயம் எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. இரண்டாவதுதான் ஆபத்து. அதற்குத்தான் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் கிளம்புவதற்கு முன், ஆயில், பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பது. இன்ஜின் கிளம்பி, ஹேண்ட்பிரேக்கையும் இறக்கிய பிறகு அவை அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். கோளாறை மறைக்க பல்பையே கழற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.