மலைத்தோட்டத்துக் குழாய் இணைப்பு: என்ஜின் நின்றாலும் அழுத்தம் நிற்பதில்லை

கொடைக்கானல் மேல்மலையில் விவசாயம் என்றால் பாதி வேலை குழாய் இழுக்கும் வேலைதான். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால், பூண்டி ஆகிய பகுதிகளில் உருளைக்கிழங்கும் பூண்டும் காரட்டும் பீன்ஸும் அடுக்கு நிலங்களில் பயிராகின்றன. தண்ணீரோ கீழே ஓடையில் கிடக்கிறது. பம்பை ஓடைக்கரையில் வைத்து, 30 மீட்டர், 40 மீட்டர் ஏற்றத்துக்குத் தண்ணீர் தள்ள வேண்டியிருக்கிறது. பம்பு வாங்கும்போது விவசாயிகள் நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். குழாயையும் பம்பையும் சேர்க்கும் இணைப்புக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் கட்டுக்கம்பி போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மேல்மலையில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஓடைக்கும் வயலுக்கும் சுமார் 45 மீட்டர் ஏற்றம். பாசனம் முடிந்து என்ஜினை நிறுத்தினார் தோட்டக்காரர். "என்ஜின் நின்னாச்சு சார், இனி பயமில்லை" என்று சொல்லிக்கொண்டே பம்பின் வாயில் இருந்த இரண்டு அங்குல கப்ளிங்கின் காதைத் தூக்கினார். குழாய் பீறிட்டுத் தெறித்தது. கப்ளிங்கின் காது அவருடைய மணிக்கட்டில் அடித்து எலும்பு முறிந்தது. பத்து மீட்டர் உயர நீருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

பிறகு விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. அவர் பல ஆண்டுகளாக அப்படியேதான் கழற்றி வந்திருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. பழைய புட் வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததால், என்ஜின் நின்ற சிறிது நேரத்தில் குழாயில் இருந்த தண்ணீர் எல்லாம் ஓடைக்கே திரும்பிவிடும். அந்த வாரம்தான் புது புட் வால்வு போட்டிருந்தார். நல்ல வால்வு தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. 45 மீட்டர் தண்ணீரும் குழாயில் அப்படியே நின்று, கீழே இருந்த இணைப்பை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. சமவெளியில் கிணற்றுக்கு அருகிலேயே வாய்க்காலில் நீர் விடுகிறவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. மலைக்காரருக்குத்தான் இது.

எத்தனை கிலோ இழுப்பு?

இணைப்பைப் பிரிக்கப் பார்க்கும் விசையை விவசாயிகளே கணக்கிடலாம். அழுத்தத்தைக் குழாய் வாயின் பரப்பால் பெருக்கினால் போதும். 45 மீட்டர் ஏற்றத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு நாலரைக் கிலோ அழுத்தம். இரண்டு அங்குலக் குழாயின் வாய் ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 90 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையும் இன்னொன்றில் முக்கால்வாசியும் சேர்த்து இணைப்பில் தொங்கவிட்டதற்குச் சமம் இது.

இதையே மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அழுத்தம் 30 கிலோ. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் குழாயின் உள்விட்டம் 8.5 மில்லிமீட்டர்தான். வாயின் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இழுப்பு 17 கிலோ. அழுத்தம் குறைவு என்று நாம் அலட்சியம் செய்யும் பாசனக் குழாய்தான் இணைப்பை ஐந்து மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்திழுக்கிறது. குழாய் அகலமாக ஆக, இணைப்பும் பலமாக இருக்க வேண்டும்.

மேல் முனையில் இழுப்பு வேறு வகை. இரண்டு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு கிலோ தண்ணீர் நிற்கும். செங்குத்தான சரிவில் 20 மீட்டர் தொங்கினால் தண்ணீரின் எடையே 40 கிலோ, குழாயின் எடை தனி. இந்தப் பாரத்தை இணைப்பின் மேல் விடலாகாது. ஐந்தாறு மீட்டருக்கு ஒரு முளை அடித்து, பட்டையான கயிற்றால் குழாயைக் கட்டிவிட வேண்டும்.

ஒழுக்கு வேறு, பிடிப்பு வேறு

நல்ல இணைப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று ஒழுகாமல் அடைப்பது, மற்றது கழன்றுவிடாமல் பிடிப்பது. இரண்டையும் ஒரே உறுப்பால் செய்ய முயல்வதில்தான் தவறு ஆரம்பமாகிறது. ஒழுகுகிறது என்று கிளாம்பை மேலும் மேலும் முறுக்கினால் பட்டை ரப்பரை அறுத்துவிடும். ஒழுக்கு நின்றதுபோல் இருக்கும், பிடிப்பு போய்விடும்.

கொடைக்கானல் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அவர்களுடைய குழாய்க் கப்ளிங்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆண் முனையை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் வைத்த இரண்டு பற்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். உள்ளே உதடு வைத்த ரப்பர் வாஷர் ஒன்று இருக்கிறது. தண்ணீர் அழுத்த அழுத்த அந்த உதடு இன்னும் இறுக ஒட்டும். அடைப்பது வாஷர், பிடிப்பது பற்கள். கழற்ற வேண்டுமானால் இரண்டு பற்களையும் ஒரே நேரத்தில் இழுத்தாக வேண்டும். கல்லில் உரசி ஒன்று நகர்ந்தாலும் மற்றது விடாது. இந்த யோசனையைத்தான் நாம் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தோட்டத்தில் பெரும்பாலும் இருப்பது நிப்பிளும் கிளாம்பும். நிப்பிளின் மேல் வரிவரியாகப் பற்கள் இருக்கும். இவை ரம்பப் பல்லைப்போல, குழாய் ஏறும் பக்கம் சரிவாகவும் திரும்பும் பக்கம் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். உருண்டையான மேடுகள் வெறும் அழகுக்குத்தான். குழாயின் உள்விட்டத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு நீளம் நிப்பிள் உள்ளே போக வேண்டும் என்பது என் அனுபவம். குழாய் முனையைக் கூரான கத்தியால் நேராக வெட்டுங்கள். மலைக் குளிரில் குழாய் விறைத்துப் போய் ஏறாது. முனையை வெந்நீரில் சற்று நேரம் வைத்துச் சோப்பு நீர் தடவினால் ஏறிவிடும். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம். அவை ரப்பரைக் கெடுப்பதோடு, எளிதாய் ஏறியது போலவே எளிதாய் இறங்கவும் வைக்கும்.

திருகு வைத்த பட்டைக் கிளாம்பு 1921-ல் ராபின்சன் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி உருவாக்கியது. நூறு ஆண்டு கடந்தும் அதை வெல்ல எளிய சாதனம் வரவில்லை. கட்டுக்கம்பி ரப்பரை ஒரே கோட்டில் அறுக்கும், முறுக்கு விழுந்த இடத்தில் தளர்ந்தும் இருக்கும். பட்டை, சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். இரண்டு அங்குலக் குழாய்க்கு இரண்டு கிளாம்பு போடுங்கள். திருகுகள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் நிப்பிளின் பற்களுக்கு மேலேயே அமைய வேண்டும். நிப்பிள் முடிந்த பிறகு வெறும் குழாயில் கிளாம்பு போட்டு என்ன பயன்? ரப்பர் ஒரு நாள் அழுத்தத்தில் அமுங்கும். எனவே மறுநாள் ஒருமுறை திருப்புளியால் இறுக்கிவிட வேண்டும். கூடவே, குழாய் விளிம்பு முடியும் இடத்தில் நிப்பிளின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் குழாய் நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு காசுச் செலவில்லாத எச்சரிக்கை இது.

இரண்டு காது வைத்த கேம்லாக் கப்ளிங் இப்போது பலரிடம் இருக்கிறது. வேகமாக மாட்டலாம், கழற்றலாம். அதுவேதான் அதன் ஆபத்தும். குழாயை வயலில் இழுக்கும்போது காது உண்ணிச்செடியிலோ கல்லிலோ மாட்டித் திறந்துகொள்ளும். காதுகளில் உள்ள வளையங்களுக்கு ஊசிப் பின் போடுங்கள். பின் தொலைந்துவிட்டால் இரண்டு காதையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர்வெல் லாரிகளில், காற்றுக்குழாய் இணைப்பின் இரு பக்கத்தையும் சேர்த்துச் சங்கிலியோ கம்பிக்கயிறோ போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இணைப்பு விட்டாலும் குழாய் பாம்பாய்ச் சுழன்று ஆளை அடிக்காமல் இருப்பதற்காக அது. பம்பின் அருகில் உள்ள கப்ளிங்குக்கு நைலான் கயிற்றால் அப்படி ஒரு கட்டுப் போடலாம்.

மரை இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கூம்பு மரைக்குச் சணலோ வெள்ளை டேப்போ சுற்றினால் மரையே அடைத்துக்கொள்ளும். நேர் மரையில் அடைப்பது வாஷர். அதில் டேப் சுற்றிச் சுற்றி ஒழுக்கை நிறுத்தப் பார்ப்பது வீண்.

கழற்றும் முன் வடித்துவிடுங்கள்

மணிக்கட்டு முறிந்த தோட்டக்காரரின் பம்பில் பிறகு ஒரு மாற்றம் செய்தோம். பம்பின் டெலிவரி வாய்க்கும் கப்ளிங்குக்கும் இடையில் ஒரு டீ, அதில் ஓர் அரை அங்குல வால்வு, அவ்வளவுதான். என்ஜின் நின்றபின் அந்த வால்வைத் திறந்தால் மேலே நின்ற தண்ணீர் வடியும். பீறிடுவது குறைந்து, ஒழுகி, நின்ற பிறகுதான் கப்ளிங்கைத் தொட வேண்டும். ஏற்றத்தில் நீர் தள்ளும் ஒவ்வொரு பம்புக்கும் இது அவசியம் என்பது என் கருத்து. வால்வு வைக்க முடியாதவர்கள் புட் வால்வை அதன் கயிற்றால் தூக்கித் தண்ணீரைத் திரும்ப விடலாம். என்ஜின் திடீரென்று நிற்கும்போது ஓடும் நீர் தடுக்கப்பட்டு அதிர்ச்சி கொடுப்பதும் உண்டு. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிய நீர் சட்டென்று நின்றால் இரும்புக் குழாயில் 10 கிலோ அளவுக்கும், கறுப்புப் பிளாஸ்டிக் குழாயில் சுமார் 3 கிலோவுக்கும் அழுத்தம் ஏறும். எனவே மேலே உள்ள வால்வுகளை மெல்ல மூடப் பழகுங்கள்.

உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் கதை தலைகீழ். அங்கே குழாயைப் பிரித்துத் தள்ளும் விசை இல்லை. ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பம்பு மட்டும் நீர் எடுக்காது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள நம் ஊர்களில் காற்றழுத்தமே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் பம்பு உறிஞ்சும் ஆழத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. இணைப்பிலும் காற்று புகுந்தால் கேட்கவே வேண்டாம்.

மருந்துக் குழாய்

விசைத்தெளிப்பானில் இழுப்பு குறைவு என்றேன். அபாயம் குறைவு என்று சொல்லவில்லை. அங்கே ஊசித் துளை வழியாகப் பீச்சும் தாரையே எதிரி. 7 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மெல்லிய தாரை தோலைத் துளைத்து மருந்தை உள்ளே செலுத்திவிடும். ஒழுகும் இடத்தை ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். கழற்றும் முன் என்ஜினை நிறுத்தி, துப்பாக்கியின் விசையை அழுத்திப் பயிரின் மேலேயே மிச்ச அழுத்தத்தை விட்டுவிட வேண்டும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பி, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்கு ஒன்று. போர்டோ கலவை சரியாக இருக்கிறதா என்று இரும்புக் கத்தியை விட்டுப் பார்க்கிறீர்கள். சுண்ணாம்பு போதாவிட்டால் கத்தியில் செம்பு படிகிறது. கத்திக்கு நேர்வதுதான் இரும்புக் கிளாம்புக்கும் துத்தநாகம் பூசிய நிப்பிளுக்கும் நேரும். மயில்துத்தம் இரும்பைத் தின்றுவிடும். அந்த வேலைக்குப் பித்தளை நிப்பிளும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும் வாங்குங்கள். அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரையும் ஓடையில் விடாதீர்கள்.

ஓடையில்தான் கீழ் ஊர்க்காரர் குடம் நிரப்புகிறார். மருந்துத் தொட்டியில் மூழ்கிய குழாயின் மறுமுனை ஓடைப் பம்பில் இருந்து, பம்பு நின்றுவிட்டால், தொட்டியில் உள்ளது ஓடைக்கு இறங்கிவிடும். தொட்டிக்கு நீர் நிரப்பும் குழாய் முனை மருந்து மட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே நிற்க வேண்டும். இன்னொரு தந்திரம் வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. ஆக்சிஜன் குழாய்க்கு வலது மரை, அசிட்டிலீன் குழாய்க்கு இடது மரை. தெரியாத பையன் மாற்றி மாட்ட நினைத்தாலும் மாட்டாது. அதுபோல நீர்க்குழாய்களுக்கு ஓர் அளவு கப்ளிங், மருந்துக் குழாய்களுக்கு வேறு அளவு என்று வைத்துக்கொண்டால், அவசரத்தில் யாரும் தவறாக இணைக்க வழியில்லை.

பருவம் தொடங்கும் முன் ஒருநாள் சோதனைக்கு ஒதுக்குங்கள். குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, பத்து நிமிடம் வையுங்கள். அழுத்தத்தைத் தாங்கும் என்று குழாயில் குறித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. யாரும் இணைப்புக்கு நேராக நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள். காற்றை ஏற்றிச் சோதிப்பது கூடவே கூடாது. அமுங்கிய காற்று இழுத்த வில்லைப் போல, இணைப்பு விட்டால் வெடிக்கும். பெயிண்ட் கோடு நகர்ந்திருந்தால் குழாய் முனையை ஒரு சாண் வெட்டிவிட்டு, புதிய இடத்தில் மாட்டுங்கள். கடைக்குப் போகும்போது வாஷர் நான்கைந்து சேர்த்தே வாங்கி வாருங்கள். வாஷர் தொலைவது எப்போதும் கடை மூடிய பிறகுதான்.