தீப்பொறி விழும் நேரம்

கடற்கரையில் பிறவாதவன் படகு எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தானே என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். என் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அங்கே கடலும் இல்லை, காயலும் இல்லை. கிணறும் தென்னையும் உண்டு. ஆயினும், மின்மோட்டார் வருமுன் கிணற்று மேட்டில் நின்று நீர் இறைத்த சிறிய மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும், மீனவர் வள்ளத்தின் பின்புறம் மாட்டிய பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கும் உயிர்நாடி ஒன்றே. அதுதான் மாக்னெட்டோ. அத்தகைய பழைய எஞ்சின் ஒன்று என் மாமாவின் கொட்டகையில் இன்றும் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய துணிவில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஓலே எவின்ரூட் என்பார் 1909இல் அவுட்போர்டு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் எடை 62 பவுண்டு. ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். கேரளக் கடற்கரையில் 1952ஆம் ஆண்டின் இந்திய-நார்வே திட்டம் இயந்திரப் படகுகளுக்கு வழி திறந்தது எனினும், நாட்டு வள்ளங்களில் அவுட்போர்டு எஞ்சின் பெருவாரியாக ஏறியது 1980களில்தான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவதே அங்கு வழக்கமாயிற்று. கரையிலிருந்து பல கல் தொலைவில் எஞ்சின் நின்றால் துடுப்பைத் தவிர வேறு துணை இல்லை. ஆதலால் தீப்பொறி எப்போது விழுகிறது என்னும் கேள்வி, ஏட்டோடு நின்றுவிடும் கேள்வி அன்று.

பிஸ்டன் மேலே ஏறி, எரிபொருள் கலந்த காற்றை அழுத்தி, உச்சியை அடைந்ததும் பிளக்கில் பொறி விழும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. பொறி விழுந்தவுடன் கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவுவதற்கு நேரம் வேண்டும். அந்நேரம் ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 4500 சுற்று சுற்றினால், வினாடிக்கு 75 சுற்று. அதாவது 27,000 பாகை. தீ பரவி முடிவதற்குள் கிராங்கு 54 பாகை திரும்பிவிடும். பொறி சரியாக உச்சியில் விழுந்தால், தீ முற்றும்போது பிஸ்டன் தன் வழியில் கால் பங்கு கீழே இறங்கியிருக்கும். ஓடுகிறவனைப் பின்னால் நின்று தள்ளுவது போன்றது அது. தள்ளியதில் பெரும்பகுதி வீண். எனவே உச்சிக்கு முன்னரே பொறி விழவேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சிக்குப் பின் 10 முதல் 15 பாகைக்குள் மிகுமாறு அமைப்பதே நோக்கம்.

முந்துவதும் அளவோடு இருக்க வேண்டும். மிகவும் முந்தினால், ஏறிவரும் பிஸ்டனையே தீ எதிர்த்துத் தள்ளும். கிளப்பும்போது கயிறு கையைத் திருப்பி இழுக்கும். ஓடும்போது சிலிண்டருக்குள் ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல் எழும்; பிஸ்டனின் தலை வெந்து உருகவும் கூடும். பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் எளிதில் தட்டக்கூடியது. கடலில் எஞ்சினின் பேரிரைச்சலுக்கிடையே அத்தட்டல் காதில் விழுவதும் அரிது. ஆகவே காதை மட்டும் நம்பி டைமிங் வைப்பது ஆபத்து. அளந்துதான் வைக்கவேண்டும்.

எதை அளப்பது? பிளக் துளையில் குச்சியை விட்டுப் பிஸ்டனின் உச்சியைக் கண்டறிவோர் உளர். இங்கேதான் நம் திரிகோணக் கணிதம் கைகொடுக்கிறது. பிஸ்டன் ஓடும் நீளம் 60 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடு 110 மில்லிமீட்டர் என்று கொண்டால், உச்சிக்கு 25 பாகை முன்பு பிஸ்டன் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். ஆனால் 10 பாகை முன்பு அது தாழ்ந்திருப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. குச்சியைப் பார்க்கும் கண் அரை மில்லிமீட்டர் தவறினால் கிராங்கில் 10 பாகை தவறிவிடும்! இதை நம்பாதவர் வீட்டுத் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். ஊசி உச்சியில் நிற்கும்போது சக்கரம் நன்றாக நகரும். ஊசியோ அசைந்ததாகவே தெரியாது.

மாறாக, 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு பாகை என்பது 1.75 மில்லிமீட்டர், 25 பாகை என்பது ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். சாதாரண நாடாவினாலேயே அளந்துவிடலாம். உயரத்தை விட்டு விளிம்பை அளப்பதே இவ்வேலையின் சூட்சுமம்.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலாவது, பெட்ரோலை அடைத்துவிட்டு பிளக்கைக் கழற்றுக. ஃப்ளைவீலைப் புல்லர் கொண்டே எடுக்கவேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராங்குக்கும் காந்தத்திற்கும் கேடு. ஃப்ளைவீலை இருத்தும் சிறு சாவியை உற்றுப் பார்க்கவும். அது சற்றே வெட்டுப்பட்டிருந்தாலும் மற்ற எல்லா உழைப்பும் வீணாகும்.

இரண்டாவது, பாயிண்டின் முகத்தைத் துடைத்து, அது முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் வைக்கவும். பழைய அமெரிக்க எஞ்சின்கள் பலவற்றில் இது 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் பிந்தும். ஆகவே இடைவெளி முதலில், டைமிங் பின்னர். இம்முறையை மாற்றலாகாது.

மூன்றாவது, ஃப்ளைவீலை மீண்டும் மாட்டி உச்சியைக் காண்க. பழைய பிளக்கின் கூட்டில் மழுங்கிய போல்ட்டைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பே தடைபடுமாறு துளையில் திருகவும். ஃப்ளைவீலை ஒரு பக்கம் கையால் மெல்லத் திருப்பி, தட்டி நிற்குமிடத்தில், அசையாத ஒரு முள்ளுக்கு நேராகக் கோடிடுக. மறுபக்கம் திருப்பி இன்னொரு கோடிடுக. இரண்டுக்கும் நடுவே உள்ள இடமே உண்மையான உச்சி. பின்பு தடையை மறவாமல் எடுத்துவிடவும்.

நான்காவது, உச்சிக் கோட்டிலிருந்து, ஃப்ளைவீல் சுழலும் திசையிலேயே, வேண்டிய பாகைக்குரிய தூரத்தை அளந்து பொறிக் கோடு இடுக. எதிர்ப்பக்கம் இட்டால் பொறி உச்சிக்குப் பின்னே விழும். எத்தனை பாகை என்பதற்கு அந்தந்த எஞ்சினின் கையேடே சான்று. 25 என்பது நம் கணக்குக்குக் கொண்ட எண்.

ஐந்தாவது, பாயிண்டிலிருந்து காயில் கம்பியையும் கண்டென்சர் கம்பியையும் பிரித்து, ஒரு பேட்டரியும் சிறு பல்பும் பாயிண்டோடு இணைக்கவும். காயிலைப் பிரிக்காவிட்டால் பாயிண்ட் திறந்தபின்னும் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வேக லீவரை முழு வேகத்தில் வைத்து, ஃப்ளைவீலைச் சுழலும் திசையில் மெல்லத் திருப்புக. பொறிக் கோடு முள்ளைத் தொடும் கணத்தில் பல்பு அணைந்தால் டைமிங் சரி. இல்லையேல் பிளேட்டைச் சிறிது நகர்த்திச் சரிசெய்க. இரண்டு சிலிண்டர் அருகருகே உள்ள எஞ்சினானால் மற்றப் பாயிண்ட் மிகச் சரியாக 180 பாகை தள்ளித் திறக்கவேண்டும்.

பல எஞ்சின்களில் பாயிண்டும் காயிலும் அமர்ந்த பிளேட், லீவரோடு சேர்ந்து திரும்பும். கிளப்பும்போது பொறி பிந்தி விழுந்து கையைக் காக்கும். வேகம் ஏற ஏற முந்தும். காயிலும் பாயிண்டும் ஒன்றாகவே நகர்வதால், காந்தத்திற்கும் அவற்றிற்கும் உள்ள உறவு மாறாது. பொறியின் வலுவும் குன்றாது. இடைவெளி தவறினால் அவ்வுறவே கெட்டுப் பொறி மெலியும்.

இன்றைய எஞ்சின்களில் பாயிண்ட் இல்லை. மின்னணுச் சாதனம் அதன் வேலையைச் செய்கிறது. ஆனால் தீ பரவ நேரம் வேண்டும் என்னும் விதி மாறவில்லை. பழைய எஞ்சினை வைத்துப் பிழைப்பு நடத்தும் மெக்கானிக்கிடம் பல்லாண்டுக் கைப்பழக்கம் இருக்கிறது. நம்மிடம் கொசைன் அட்டவணை இருக்கிறது. இரண்டும் சந்திப்பது அரிதாக இருப்பதே குறை. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒரு நாடாவும் ஒரு பல்பும் கொண்டு அதன் முன் அமர்வார்களாக. வகுப்பில் தேர்வுக்காகப் படித்த கோணம், அங்கே கையில் தட்டுப்படும்.