ஆய்வுச் சுருக்கம் எழுதுதல்

நுழையும்முன்

அறிவியல் மாநாட்டிற்கு வரும் ஆய்வேடுகளுள் எவற்றுக்கு அரங்கில் இடமளிப்பது என்பதைத் தேர்வுக்குழு பெரும்பாலும் சுருக்கத்தைப் படித்தே முடிவு செய்கிறது. பல திங்கள் உழைப்பு ஒரு பத்தியால் ஏற்கப்படலாம், மறுக்கப்படவும் கூடும். அப்பத்தியை எழுதும் முறையை அறிவோம்.

சுருக்கமும் முன்னுரையும்

முன்னுரை, ஆய்வுக்குள் நுழையும் வாயில். சுருக்கம், முழு ஆய்வின் சிற்றுரு. சிக்கல், ஆராய்ந்த முறை, கண்ட முடிவு, அதன் பயன் ஆகிய நான்கும் சுருக்கத்தில் இடம்பெறல் வேண்டும். கதையில் முடிவை மறைத்து வைப்பது சுவை. சுருக்கத்தில் அது குறை.

ஒரு முன்மாதிரி

சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் தம் கண்டுபிடிப்பை 1928 மார்ச் 31 அன்று 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டனர். அது மாநாட்டுச் சுருக்கம் அன்று. எனினும் சுருக்கத்தின் பண்புகள் அதில் உள்ளன. சூரிய ஒளியை வண்ண வடிகட்டியின் வழியே நீர்மத்தில் செலுத்திய முறையும், சிதறிய ஒளியில் வேறு நிறம் தோன்றிய முடிவும் அதில் தெளிவாக உள்ளன. 'பல நீர்மங்கள்' என்று பொதுப்படக் கூறாமல், ஏறத்தாழ 60 நீர்மங்களை ஆராய்ந்ததாகவும், அவை யாவும் கூடியோ குறைந்தோ அவ்விளைவைக் காட்டியதாகவும் அவர்கள் எழுதினர். எண்ணே அங்குச் சான்றாகிறது.

எழுதிப் பார்ப்போம்

பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கத்தின் சமத்துவபுரத்தில், அழுத்திய மண்கற்களால் கட்டிய வீடுகள் உள்ளன. அவை கோடையில் குளிர்ச்சி தருமா என ஒரு மாணவர் குழு ஆராய்வதாகக் கொள்வோம்.

குறையுடைய சுருக்கம்: "மண்கல் வீடுகள் மிகச் சிறந்தவை. அவற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளோம். முடிவுகள் பின்னர் விளக்கப்படும்."

திருத்திய சுருக்கம்: "சுவரின் பொருள் கோடையில் அறை வெப்பத்தை மாற்றுகிறதா என்பதே இவ்வாய்வின் வினா. ஒத்த பரப்பும் கூரையும் உடைய ___ மண்கல் வீடுகளிலும் ___ செங்கல் வீடுகளிலும், மே மாதத்தில் ___ நாள்கள் பிற்பகல் 2 மணிக்கு வெப்பநிலை அளக்கப்பட்டது. மண்கல் வீடுகளின் சராசரி வெப்பநிலை ___ பாகை (குறைவு / மிகுதி). பிற பருவங்களில் அளக்கப்படவில்லை. புதிதாக வீடு கட்டுவோர் சுவர்ப்பொருளைத் தெரிவுசெய்ய இம்முடிவு உதவும்."

கோடிட்ட இடங்களை அளவீடு மட்டுமே நிரப்ப வேண்டும். 'குறைவு' என எதிர்பார்த்தோர் 'மிகுதி' எனக் கண்டால், அதனையே எழுதுதல் கடன். ஆய்வேட்டில் இல்லாத எண் சுருக்கத்தில் இருத்தலாகாது. ஆகவே சுருக்கம் முதலில் படிக்கப்படினும், இறுதியில் எழுதப்படுவதே முறை.

தெரிந்து தெளிவோம்

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடைபெறுகிறது. 10 முதல் 17 வயதுடையோர் தம் வட்டாரச் சிக்கல்களை ஆராய்ந்து இதில் படைக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. சுருக்கத்திற்கும் முன்னுரைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. 'பிற பருவங்களில் அளக்கப்படவில்லை' என்னும் தொடர் ஆய்வின் மதிப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? காரணம் தருக.
3. உம் ஊர் ஏரியின் நீரை ஆராய்ந்து, 150 சொற்களுக்குள் சுருக்கம் வரைக.