திரைப்பதிவுக்குப் புதிய செயலி வேண்டுமா?



கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்குப் பலரும் வருகிறார்கள். ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் வர இயலாத தாய்மார்களும் உண்டு. விவரம் தெரிந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் போன் திரையையே பதிவு செய்து, குரலும் கொடுத்து, இரண்டு மூன்று நிமிட வீடியோக்களாகத் தந்தால், மற்றவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துச் செய்துகொள்வார்கள். அதற்கு எந்தச் செயலி நல்லது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

புதிதாக எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம் என்பதே எங்கள் பதில். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், பெரும்பாலான போன்களிலேயே திரைப்பதிவு வசதி இருக்கிறது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் கட்டங்களில் 'ஸ்கிரீன் ரெக்கார்டர்' என்று இருக்கும். தொடங்குமுன் மைக்கை ஆன் செய்யுங்கள். இல்லையேல் ஊமைப்படம்தான் கிடைக்கும். விரல் படும் இடத்தைக் காட்டும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். எங்கே தொடுவது என்று தெரியாவிட்டால் பார்ப்பவருக்குப் பயனில்லை. ஐபோனில் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மைக் வரும்.

கணினியில் செய்வோருக்கு விண்டோஸ் 11இல் உள்ள ஸ்னிப்பிங் டூல் போதும். திரையில் வேண்டிய பகுதியை மட்டும் கட்டமிட்டுப் பதிவு செய்யலாம். ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம்தான், வாட்டர்மார்க்கும் கிடையாது. ஆனால் முதன்முறை திறப்பவரைத் திணறடித்துவிடும். பயான் நேரலைக்கு அது சரி. மூன்று நிமிடப் பாடத்திற்கு அவசியமில்லை.

இலவசம் என்று வரும் மற்ற செயலிகளின் விளம்பரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்யும் செயலிக்குத் திரையில் தோன்றும் அனைத்தும் தெரியும். ஆதார் எண்ணையும் ஓடிபியையும் யார் செய்தது என்றே தெரியாத ஒரு செயலிக்குக் காட்டலாமா?

போனிலேயே உள்ள வசதியும் கண்டதையெல்லாம் பதிவு செய்யும் என்பதை மறக்கக்கூடாது. பல வங்கிச் செயலிகள் பதிவில் கறுப்பாகவே தெரியும்; அது பழுதல்ல, பாதுகாப்பு. உதவித்தொகைப் படிவத்திற்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு மாணவியின் படிவத்தை நிரப்பிக்கொண்டே பதிவு செய்தால், அவர் பெயர், வங்கிக் கணக்கு, தகப்பனாரின் வருமானம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆதார் எண் வெளியாவதைவிட, வீட்டின் வறுமை ஊருக்குத் தெரிவதுதான் அந்தக் குடும்பத்திற்கு அதிகம் வலிக்கும்.

ஆகவே பிறருடைய படிவத்தைப் பதிவு செய்யாதீர்கள். நிரப்பாத பக்கத்தைக் காட்டி, எங்கே என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொன்னாலே புரியும். அரசுப் படிவமாதலால் பொய் விவரம் இட்டுக் காட்டுவதும் வேண்டாம். லாகின் செய்த பிறகே வரும் பக்கங்களுக்கு உங்கள் சொந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள். எண்கள் வரும் இடத்தில் பதிவை நிறுத்தி, அதைக் கடந்தபின் இன்னொரு துண்டாகத் தொடங்குங்கள். பதிவின்போது 'டூ நாட் டிஸ்டர்ப்' ஆனில் இருக்கட்டும். வீட்டாரின் செய்தி நடுவில் வந்து நின்றால் அதுவும் பதிவாகிவிடும்.

முடித்ததும் ஒலியுடன் ஒரு முறை, ஒலியில்லாமல் ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டு அலுவலகத்திற்கு அனுப்புங்கள். நாங்களும் பார்த்தபின், இன்ஷா அல்லாஹ், குழுவில் பகிர்கிறோம்.