பழைய ஆல்டோ குடிக்கும் பெட்ரோல் எங்கே போகிறது?

பத்துப் பன்னிரண்டு வயதான சின்ன கார் வைத்திருப்பவர், "முன்ன மாதிரி மைலேஜ் தரலை" என்று வாய் திறந்தால் போதும், அக்கம்பக்கத்திலிருந்து மூன்று யோசனைகள் வரும். டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து, விலை கூடிய பிரீமியம் பெட்ரோல், பெட்ரோல் டியூபில் மாட்ட ஒரு காந்தம். மூன்றுமே வீண் செலவு. எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. ஏதோ பயன் தந்தவை மிகச் சில. அந்தப் பயனும் சொற்பம்.

காரில் புதிதாக எதையும் மாட்ட வேண்டியதில்லை. பழைய காரில் பெட்ரோல் வீணாகும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை வரிசையாகத் தேடினால் போதும்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வரும் ஓர் ஆல்டோவை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 35 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 875 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 தந்தால் 73 லிட்டர் தேவை. 15 தந்தால் 58 போதும். லிட்டர் 100 ரூபாயை ஒட்டிய விலையில், மாதம் 1,500 ரூபாய் வித்தியாசம்.

முதல் வேலை, உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளப்பது. பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்லவே முடியாது. டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, கால் டேங்க் மிஞ்சும்வரை ஓட்டி, அதே பங்க்கில், முடிந்தால் அதே குழாயில் மறுபடி நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசம் 1 லிட்டர் என்றால், 5 லிட்டர் நிரப்பியவரின் கணக்கு 20 சதவீதம் தவறும். 25 லிட்டர் நிரப்பியவருக்கு 4 சதவீதம்தான். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுத்த பிறகே மெக்கானிக்கிடம் போக வேண்டும். குழாய் நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வது கணக்கையும் கெடுக்கும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவையும் கெடுக்கும்.

அளவில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொறி, டயர். மாருதி 800-க்குக் கம்பெனி கொடுத்த டயர் 145/70 ஆர்12. பார்க்கத் திடமாக இருக்கிறது என்று பலர் ஆல்டோவின் 145/80 டயரை அதே ரிம்மில் ஏற்றியிருப்பார்கள். இந்த டயரின் விட்டம் ஏறக்குறைய 6 சதவீதம் பெரியது. அதனால் கார் 106 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டர் 100 என்றே காட்டும். மைலேஜ் குறையாமலே குறைந்ததுபோலத் தெரியும். ஃபோனில் மேப்பைப் போட்டு நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். 2012-ல் வந்த ஆல்டோ 800-க்கு அறிவிக்கப்பட்ட 22.74 என்பது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். சென்னை ஜிஎஸ்டி சாலை நெரிசலில் அதைத் தேடக்கூடாது. தவிர, பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடு முழுவதும் பரவியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. முன்பு 16 தந்த கார் இன்று 15 தந்தால் அது பெட்ரோலின் கணக்கு. காரில் கோளாறு தேட வேண்டாம். 16 தந்தது 12 ஆகியிருந்தால்தான் தேட வேண்டும். பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ வாடையோ இருந்தால் மட்டும், மைலேஜ் எப்படி இருந்தாலும், அன்றே மாற்றிவிட வேண்டும்.

டயர் காற்று, வாரம் ஒருமுறை, காலையில், டயர் சூடேறும் முன். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே அளவு. நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மாதக்கணக்கில் பார்க்காத வண்டியில் 10 பிஎஸ்ஐ குறைந்திருப்பது சாதாரணம். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும். காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும். மாற்றலாம், அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது எல்லோரும் தாண்டிப்போகும் இடம். சென்னை, மதுரை, திருச்சி என்று எந்த ஊர்ப் பட்டறையிலும், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய சின்ன காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு விஷயத்தை முதலில் சந்தேகப்பட வேண்டும்: உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா?

நம் ஊரில் இது காணாமல் போவதற்கு ஒரு கதை இருக்கிறது. ரேடியேட்டரில் கூலன்ட் குறையும்போது வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சூடேறி ஆறி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காறையாகப் படிகிறது. சில வருடங்களில் வண்டி கோடையில் ஹீட் ஆகிறது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள் வேலை. வால்வைக் கழற்றி வீச அரை மணி நேரம். "வால்வை எடுத்துட்டேன் சார், இனி ஹீட்டே ஆகாது" என்று சொல்லி வண்டி திரும்பி வருகிறது. சில இடங்களில் ரேடியேட்டர் ஃபேனையும் டைரக்ட் கனெக்‌ஷன் கொடுத்து, சாவி திருப்பியதிலிருந்து ஓடவிடுகிறார்கள். வண்டி உண்மையிலேயே ஹீட் ஆவதில்லை. பெட்ரோல் குடிக்கத் தொடங்குவதும் அந்த நாளிலிருந்துதான்.

அந்த வால்வின் வேலை, இன்ஜின் போதிய சூட்டுக்கு வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது. 80 டிகிரியைத் தாண்டும்போதுதான் அது திறக்கும். வால்வே இல்லையென்றால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து கூலன்ட் ரேடியேட்டரில் குளிர்ந்துகொண்டே சுற்றும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று வெப்ப சென்சார் கணினிக்குச் சொல்ல, கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. கார்புரேட்டர் காரில் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டியது போன்ற நிலை இது. ஆயிலும் கெட்டியாகவே இருக்கும், ஐட்லிங்கும் ஏறியே நிற்கும். தினமும் 8 அல்லது 10 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்குப் பயணம் முழுவதும் இப்படியே போய்விடலாம். வால்வு இருந்தும் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் விளைவு இதேதான்.

கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, கை போதும். காலையில், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பக்கம் போகும் தடித்த ஹோஸைத் தொட வேண்டும். ஃபேனும் பெல்ட்டும் சுழலும் இடத்தில் விரலோ துப்பட்டாவோ நெருங்கக்கூடாது. வால்வு நல்ல நிலையில் இருந்தால் ஹோஸ் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால், வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியில் ஓபிடி ஸ்கேனரைச் செருகி ஃபோனிலேயே கூலன்ட் வெப்பத்தைப் பார்க்கலாம். பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் 60, 65 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். வால்வை மட்டும் வாங்கி மாட்டினால், அடைத்துப்போன ரேடியேட்டர் மறுபடி இன்ஜினை வேகவைத்துவிடும். ஹெட் கேஸ்கெட் போனால் செலவு ஆயிரக்கணக்கில். முதலில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், முடியாதென்றால் மாற்ற வேண்டும். அடுத்து, ஃபேன் தானாக ஓடி நிற்கும்படி பழைய வயரிங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே சில நூறு ரூபாய் விலையுள்ள வால்வு. மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வால்வைப் போட்டுப் பார்த்தால், திறக்கிறதா என்று கண்ணெதிரே தெரியும். புதியதாக இருந்தாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது. கூலன்ட்டில் கலப்பது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, காற்றுக் குமிழிகள் அடங்கியதும் மூட வேண்டும். இதை அவசரப்படுத்தும் மெக்கானிக்கிடம் வேலை கொடுக்காமலிருப்பதே நல்லது.

வால்வு சரியாக இருந்தும் பெட்ரோல் போகிறதென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆல்டோவின் 796 சிசி இன்ஜினில் மூன்றே பிளக், பத்து நிமிட வேலை. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. அடுப்புக் கரிபோல் உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. அப்போது கூலன்ட் வெப்ப சென்சாரையும் சைலன்சர் பக்கமிருக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் சோதிக்க வேண்டும். கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சாரைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிவதைப் பழகிப்போய்ப் பார்க்காமல் ஓட்டுபவர்கள் தினமும் இழப்பது இதைத்தான்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதும் பழைய கார்களின் வியாதி. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிக்கும். முன்சக்கரத்தில் காலிப்பர் பின் கிரீஸ் இல்லாமல் இறுகும். சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளினால், ஏறக்குறைய 700 கிலோ வண்டியை ஒருவரே சிரமமின்றி நகர்த்த முடிய வேண்டும். முடியாவிட்டால் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அடைமழை நாட்களில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்ல பழக்கம்.

ஆயில், கையேட்டில் சொன்ன தரம்தான். "பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்" என்ற பேச்சு, ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு மட்டுமே பொருந்தும்.

ஓட்டும் முறையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒன்றைத் தவிர. மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நம்புகிறார்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் கியரை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டால், இன்ஜின் வேகம் போதிய அளவு இருக்கும்வரை கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. இன்ஜினையே நிறுத்திவிட்டு இறங்கினால் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது. தூரத்தில் சிவப்பு விழுந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். கிட்டே போய் பிரேக் அடிப்பவர் அதுவரை எரித்ததை வீணாக்குகிறார். சிக்னல் கடிகாரம் 30-க்கு மேல் காட்டினால் இன்ஜினை அணைத்துவிடலாம். நெடுஞ்சாலையில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியைப் போடாமல், நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போட வேண்டும். 800 சிசி இன்ஜினுக்கு ஏசி கம்ப்ரஸர் பெரிய சுமை.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஒன்றைச் சரிசெய்துவிட்டு ஒரு டேங்க் ஓட்டி அளந்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும். ஒரு சின்ன நோட்டைக் காரிலேயே வைத்துத் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதிவாருங்கள். வரும் ஞாயிறு காலை, வண்டியை எடுக்கும் முன், பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் அந்த மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்.