மலையேறும் ஒயர்: முதல் பாட்டு செட்டுக்கு எதைக் கொடுப்பது?

நமது பகுதியில் மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு மட்டும் என்ற காலம் போய்விட்டது. பல்பு, ஹோல்டர், பிளக், கூடவே இரண்டு காயில் ஒயர் என்று வைத்திருக்கும் கடைகள் கச்சிராயபாளையத்திலும் உண்டு, சின்னசேலத்திலும் உண்டு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கோ ஒரு கடைக்குள் பல கடை இருந்தாக வேண்டும்.

மரவள்ளிப் பணமோ மக்காச்சோளப் பணமோ கைக்கு வந்ததும் முதன்முதலாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கியவர் அடுத்துக் கேட்பது ஒயர். "ஸ்பீக்கருக்கு ஒயர் குடுங்கண்ணே, வெல கம்மியா" என்பார். இருப்பதிலேயே மெல்லிய ஒயரை வெட்டிக் கொடுத்துவிடுவது ஒரு வகை வியாபாரம். பளபளக்கும் ஒயரைக் காட்டி, "இதில்தான் பாட்டு துல்லியமாகக் கேட்கும்" என்று தள்ளிவிடுவது இன்னொரு வகை. இரண்டும் நமக்கு நஷ்டமே. மலையிலிருந்து வந்தவர் ஒயரை மாற்றிக்கொள்ள இன்னொரு முறை பஸ் ஏறி இறங்கி வரமாட்டார். அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார், அவ்வளவுதான்.

மெல்லிய ஒயரே போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? திருவிழாவில் மைக் செட்காரர் தெருக்கோடி வரை நூல் போன்ற ஒயரை இழுத்துக் குழாய் கட்டுகிறார், கணீரென்று பாடுகிறது. ஆனால் அங்கே ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் ஓடுகிறது. ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். 30 வாட் அனுப்ப 0.3 ஆம்பியர் கரண்ட் போதும். வீட்டு செட்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அதே 30 வாட் 8 ஓம் பெட்டிக்குப் போகவேண்டுமானால் ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். கரண்ட் கூடினால் ஒயரில் வீணாவது அதைப்போலப் பல மடங்கு கூடும். ஆகவே வீட்டுக்கு மைக் செட் கணக்கு ஒத்துவராது.

வீட்டுக்கான கணக்கு எளிது. ஒயரின் தடை, போக வர இரு கம்பியும் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓம் அளவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓம் பெட்டிக்கு 0.4 ஓம், 4 ஓம் பெட்டிக்கு 0.2 ஓம். பெட்டியின் பின்புறம் ஓம் அளவு அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வரச் சொல்லுங்கள், அல்லது போன் போட்டு வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

நாம் 14/76, 23/76, 40/76 என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. 76 என்பது ஓர் இழையின் கனம், அங்குலத்தில் 0.0076, அதாவது சுமார் 0.19 மில்லிமீட்டர். நல்ல செம்பாக இருந்தால், 8 ஓம் பெட்டிக்கு 14/76 ஒயர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நாலரை மீட்டர் தூரம் வரை தாங்கும். 23/76 ஏழரை மீட்டர், 40/76 பதின்மூன்று மீட்டர். 4 ஓம் பெட்டி என்றால் இந்தத் தூரங்களைப் பாதியாக்கிக் கொள்ளவேண்டும். ஒரு கூடத்தின் இரு மூலைகளில் இரண்டு 8 ஓம் பெட்டி வைப்பவருக்கு 23/76 தாராளம். பின்சுவர் வரை பெட்டி வைக்கும் ஹோம் தியேட்டர்காரருக்கு 40/76 கொடுங்கள். 4 ஓம் பெட்டி, ஏழு மீட்டருக்கு மேல் தூரம் என்றால் 70/76.

இதற்குமேல் விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் மெக்கின்டாஷ் கம்பெனியில் ஸ்பீக்கர்கள் வடிவமைத்த ராஜர் ரஸல் என்பவரும், போதிய கனமுள்ள சாதாரண விளக்கு ஒயரே போதும் என்றுதான் எழுதினார்.

ஆனால் மேலே சொன்ன கணக்கெல்லாம் செம்புக்கு. இன்று மலிவு விலையில் வரும் காயில்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பார்வைக்குச் செம்பேதான். தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்து வளைத்து நிமிர்த்தினால் இழை சீக்கிரம் ஒடியும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெளுத்திருந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயப்படவேண்டாம், அது ஈயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு.

நமக்குப் பழக்கமான சோதனை ஒன்றும் உண்டு: தராசு. 40/76 இரட்டை ஒயரில் ஒரு மீட்டர் வெட்டி, பிளாஸ்டிக்கை உரித்து, இரு கம்பியையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 21 கிராம் இருக்கவேண்டும். 23/76 என்றால் 12 கிராம். 40/76 என்று எழுதிய ஒயர் எட்டு கிராம் காட்டினால் அது அலுமினியம். 14, 15 என்று காட்டினால் இழையைக் குறைத்திருக்கிறார்கள் அல்லது மெலித்திருக்கிறார்கள். நம் மளிகைத் தராசு இந்த எடைக்குச் சரிப்படாது. பக்கத்து நகைக்கடைக்காரரிடம் ஒரு நிமிடம் கேட்டால் தரமாட்டேன் என்றா சொல்லப் போகிறார்? மொத்த வியாபாரியிடம் காயில் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. அலுமினிய ஒயரை விற்கவே கூடாது என்பதல்ல. அலுமினியம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு, ஓர் அளவு கனம் கூட்டிக் கொடுக்கலாம்.

வெட்டிக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஒயரில் கோடு போட்ட கம்பி இரண்டு பெட்டியிலும் ஒரே முனைக்குப் போகவேண்டும். ஒரு பெட்டியில் மாறிப்போனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் தவில் சத்தம் சப்பென்று போகும். ஒயர் சரியில்லை என்று நம்மைத்தான் திட்டுவார். உரித்த இழைகளை நன்றாக முறுக்கவேண்டும். ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம்.

கடைசியாக, பாட்டை விடப் பெரிய விஷயம். இதே காயிலைக் காட்டி, "மாட்டுக் கொட்டகைக்கு ஒரு பல்பு இழுக்கணும், இது போதுமா?" என்று கேட்பவர் வருவார். மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று நினைக்கிறார். ஸ்பீக்கர் ஒயரின் மேலுறை 230 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதல்ல. வெயிலில் வெடித்து, மழையில் நனைந்து, மாடோ பிள்ளையோ தொட்டால் உயிர் போகும். வீட்டு மின்சாரத்துக்கான பி.வி.சி. ஒயருக்கு ஐ.எஸ். 694 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். முத்திரை இல்லாததை அந்த வேலைக்கென விற்பது சட்டப்படியும் குற்றம். இரண்டு வகைக் காயிலையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள். கடைப் பையனுக்கும் வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள். நாம் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் வெட்டிக் கொடுப்பவன் அவன்தான்.